பத்துக்கு மூன்று

1

இன்று நாற்பத்து மூன்றாவது நாள். ஆறு வாரத்துக்கு ஐந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறு வாரம் என்றால் நாற்பத்திரண்டு நாள். அறுவைச் சிகிச்சை நடந்த தினத்தையும் அவர் கணக்கில் சேர்த்தாரா இல்லையா என்று கேட்காமல் வந்துவிட்டேன். அதனால் ஒரு நாளை நானாகக் கூட்டிக்கொண்டேன்.

கோவில்பட்டியிலிருந்து என் மனைவி செண்பகமும் நானும் மெல்போர்ன் வந்து ஆறு வருடம் ஆகிறது. எனக்கு வயது எழுபத்தொன்று, அவளுக்கு அறுபத்தாறு. தினமும் கயத்தாறுக்குப் பேருந்தில் போய் முப்பத்து நான்கு வருடம் சமூக அறிவியல் நடத்தினேன். ஒரே மகன் பூவநாதன் இங்கே கணினி வேலையில் இருக்கிறான். அலுவலகத்தில் அவன் பெயர் நேதன். தொலைபேசியை எடுத்து அவன் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம், நான் வேறு யாருடைய வீட்டிலோ உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு செண்பகத்துக்குப் பக்கவாதம் வந்தது. பதினெட்டாம் நாள் பேச்சு திரும்பிவிட்டது. அந்தப் பதினெட்டு நாள் பேசாததையும் சேர்த்தே திரும்பியது. இடது கையும் காலும் திரும்பவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, திரும்பவும் நாற்காலிக்கு என்று ஒரு நாளைக்கு ஒன்பது தடவை அவளை எழுப்பி மாற்ற வேண்டும். இரண்டு கக்கத்திலும் கை கொடுத்து, மார்போடு அணைத்துத் தூக்கி, கால் மாற்றித் திருப்பி உட்காரவைக்க வேண்டும். எடை நாற்பத்தாறு கிலோ. அதை நான்தான் செய்துவந்தேன். மகன் வந்தால், "நீ போ, அப்பா வரட்டும்" என்பாள்.

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள், அங்கே வைத்தியமெல்லாம் இலவசமாமே என்று கேட்கிறார்கள். ஆமாம், இலவசம். எனக்கு அது எப்படிக் கிடைத்தது என்பதை வரிசையாக எழுதிவிட்டால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போட வேண்டியதில்லை.

2

போன குளிர்காலத்தில் இடது தொடையிடுக்கில் ஒரு வீக்கம். எலுமிச்சம்பழத்தில் பாதி அளவு. படுத்தால் மறையும், எழுந்தால் வரும். பதினோரு நாள் யாரிடமும் சொல்லாமல் கவனித்தேன். பாதி எலுமிச்சை முழு எலுமிச்சை ஆனதும் குடும்ப டாக்டரிடம் போனேன். அவர் இரண்டு நிமிடம் பார்த்தார். குடலிறக்கம், அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும், அதுவரை பாரம் தூக்கவே கூடாது, குடல் சிக்கிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து என்றார். "வீட்டில் யாரையாவது தூக்குகிறீர்களா?" என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இங்கே எல்லோருக்கும் ஒரு அரசாங்கக் காப்பீட்டு அட்டை உண்டு. அதை நீட்டினால் குடும்ப டாக்டர் காசு கேட்க மாட்டார். ஆனால் சர்ஜன்கள் அப்படியில்லை. அரசு தருகிற தொகைக்கு மேல் அவர்கள் தங்களுக்கென ஒரு தொகை வைத்திருக்கிறார்கள். அட்டையோடு நிறுத்திக்கொள்கிற சர்ஜன்களும் இருக்கிறார்கள் என்றார் குடும்ப டாக்டர். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை. அரசாங்க மருத்துவமனைக்கே நேராகப் போகலாம். அங்கே சர்ஜனை முதலில் பார்ப்பதற்கே எட்டு மாதம் ஆகும் என்றார்கள். பூவநாதன் தான் கட்டுவதாகச் சொன்னான். வீட்டுக் கடனுக்காக அவனும் மருமகளும் ஆளுக்கொரு நேரத்தில் வேலைக்குப் போய் வருகிறார்கள். சமயத்தில் வாசலில்தான் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். வேண்டாம் என்றுவிட்டேன்.

ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் எழுதி வைத்துக்கொண்டு சர்ஜன்களைத் தொலைபேசியில் அழைக்க ஆரம்பித்தேன். மொத்தம் பதினேழு இடம். ஒன்பது இடத்தில் என் நான்கு வாக்கியத்தில் இரண்டாவது வாக்கியத்திலேயே மன்னிப்புக் கேட்டார்கள். ஐந்து இடத்தில் பாட்டுப் போட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். அதில் அதிகபட்சம் பத்தொன்பது நிமிடம். இரண்டு இடத்தில் இயந்திரம் பேசியது. ஓர் இடத்தில் ஒரு பெண் மிகவும் அன்பாக, "உங்களுக்கு ஏதாவது கிடைக்க வாழ்த்துகள்" என்றாள்.

நான் ஒவ்வொரு முறை தொலைபேசியை வைக்கும்போதும் செண்பகம் நாற்காலியிலிருந்து கேட்பாள்.

"இவனும் இல்லன்னுட்டானா?"

"இல்லன்னு சொல்லல. மன்னிச்சிருங்கன்னு சொன்னான்."

"நம்ம ஊர்ல இல்லன்னா இல்லம்பான். இங்கன மன்னிப்புக் கேட்டுட்டு இல்லங்கான். ரெண்டு வேல அவனுக்கு."

3

தொண்ணூற்று மூன்றாம் வருடம், கோவில்பட்டியில் இருந்தபோது, இதே நோய் எனக்கு வலது பக்கம் வந்தது. அப்போது சர்ஜனைக் கண்டுபிடிக்க ஆன நேரம் நாற்பது நிமிடம்.

எங்கள் தெருமுனைச் சைக்கிள் கடையில் காற்றடிக்க நின்றிருந்தேன். தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், நடை ஒரு பக்கமா இழுக்குதே."

சொன்னேன்.

"ஹெர்னியாவா. இதுக்கா மொகம் இப்படிக் கெடக்கு. உள்ள வாங்க." கடைக்குள் என்னை அழைத்துப்போய், டயர்களுக்கு நடுவில் நின்று வேட்டியைத் தளர்த்திக் காட்டினார். "தையலப் பாருங்க. சட்டத்துல தீக்குச்சி அடுக்குன மாதிரி இருக்கா இல்லையா?"

உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. சைக்கிள் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சிக்குப் பண்ணுனது நல்ல கைதான். எங்க மச்சானக் கூப்பிடுதேன். அவனையும் ஒரு பார்வ பாத்துருங்க சார்."

மச்சான் பக்கத்து வடைக்கடையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து சட்டையைத் தூக்கினார். தழும்பு கோடையில் வெடித்த கரிசல் காடு மாதிரி நாலாபக்கமும் ஓடியது.

"இது எந்த டாக்டர் பண்ணினது?"

"அவர்ட்டப் போயிராதீங்கன்னு சொல்லத்தான் காட்டுதேன்."

எங்கள் பக்கத்தில் சர்ஜனின் பட்டத்தை யாரும் கேட்பதில்லை. தழும்பைப் பார்த்துவிட்டுத்தான் போவோம். அன்று சாயங்காலமே அண்ணாச்சி என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவருடைய டாக்டரிடம் என்னை அழைத்துப்போனார். வியாழக்கிழமை அறுவைச் சிகிச்சை. தையல் பிரித்த பிறகு கடம்பூர் போளி இரண்டு டஜன் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். தனக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொல்லி டாக்டர் அதை நர்சுகளுக்குக் கொடுத்துவிட்டார்.

அப்போது எட்டு நாளைக்கு ஒரு முறைதான் குழாயில் தண்ணீர் வரும். வருகிற அன்று எங்கள் வீட்டுக்குப் பதினான்கு குடம் வேண்டும். நான் தூக்கக் கூடாது என்றிருந்த நாற்பது நாளில் ஐந்து தடவை தண்ணீர் வந்தது. செண்பகம் எழுபது குடம் சுமந்தாள். நான் கட்டிலில் படுத்தபடி, அவள் ஒவ்வொரு குடத்தையும் இறக்கிவைக்கிற சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

4

பதினேழாவது தொலைபேசிக்குப் பிறகு நான் தேடுவதை நிறுத்திவிட்டேன். செண்பகம் பகலில் தூங்கும் ஐம்பது நிமிடத்தில் பக்கத்துப் பூங்காவுக்குப் போய் வருவேன். வீட்டு வாசலிலிருந்து பூங்காவின் முதல் பெஞ்சு வரை அறுநூற்று முப்பது அடி. வீக்கம் வந்த பிறகு எழுநூற்றுப் பத்து, ஏனென்றால் எடுத்து வைக்கிற அடி சிறிதாகிவிட்டது.

அந்தப் பெஞ்சில் நிக்கோ என்றொரு கிரேக்கக் கிழவர் உட்கார்ந்திருப்பார். எழுபத்தெட்டு வயது. நாற்பது வருடம் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் வேறு வேறு ஊர்களில் உடைந்தவை. ஆனாலும் இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் அவருடைய தக்காளிச் செடிகளைப் பற்றி.

அன்று நான் உட்காரும்போது பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை அவர் பார்த்தார். தன் தொடையிடுக்கைத் தொட்டுக் காட்டி, இங்கேயா என்று கேட்டார். தலையாட்டினேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். தூரத்தில் ஒரு பெண் நாயோடு போய்க்கொண்டிருந்தாள். அவள் மரத்துக்கு அப்பால் போகும்வரை காத்திருந்து, எழுந்து நின்று, கால்சட்டையின் இடுப்பைக் கொஞ்சம் இறக்கிக் காட்டினார்.

குச்சி அடுக்கிய மாதிரி இருந்தது.

நான் குனிந்து பார்த்தேன். கண்ணாடியை மாற்றிக்கொண்டு இன்னொரு தடவையும் பார்த்தேன். அந்த நாய் திரும்பிவந்து குரைத்தபோதுதான் நிமிர்ந்தேன். எந்த டாக்டர், அட்டையை வாங்குவாரா என்று கேட்டேன். நிக்கோ தன் சட்டைப் பையிலிருந்து பச்சை அட்டையை எடுத்து நீட்டி, "இது மட்டும்" என்றார். டாக்டரின் கிளினிக் ரயிலில் மூன்று நிறுத்தம் தள்ளி இருக்கிறதாம். முதியவர்களிடம் அட்டையோடு சரி. அரசாங்க மருத்துவமனையிலும் அதே டாக்டர் அறுவைச் சிகிச்சை செய்வதால், தன் நோயாளிகளை அங்கே காத்திருப்போர் பட்டியலில் சேர்த்துக் கத்தியும் பிடிப்பாராம்.

டாக்டர் ஒரு பெண் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

5

டாக்டருக்கு நாற்பது வயதுதான் இருக்கும். உள்ளே கூப்பிடுவதற்கு முன்பு ஒரு படிவம் தந்தார்கள். இருபத்திரண்டு கேள்வி. பூவநாதன் அரைநாள் விடுப்பு எடுத்துக் கூட வந்திருந்தான். அவன் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, நான் பதில் சொன்னேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். குடும்ப டாக்டர் தூக்கக் கூடாது என்று சொன்ன அன்றே பூவநாதன் பகலுக்கு ஒரு உதவிப் பெண்ணை ஏற்பாடு செய்தான். மூன்றாம் நாள் செண்பகம் அவளை அனுப்பிவிட்டாள். கை ஐஸ் மாதிரி இருக்கிறதாம். சுவரில் மாட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்துவிடுவதாக மகனிடம் சொன்னாள். நானும் ஆமாம் என்றேன். கம்பியை அவள் ஒரு தடவைகூடப் பிடித்ததில்லை. நான்தான் தூக்கிக்கொண்டிருந்தேன். தெரிந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஒரு மாதமாகக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு வண்ணத் தாள் ஒட்டியிருந்தது. ஒரு முதியோர் இல்லத்தின் விளம்பரம். மூன்று வெள்ளைக்காரக் கிழவிகள் சிரித்துக்கொண்டே கேக் வெட்டுகிறார்கள். மூவரும் தாமாகவே நடக்கக் கூடியவர்கள் போலத்தான் தெரிந்தார்கள்.

"சும்மா பாத்து வைப்போம்ப்பா, அவ்வளவுதான்" என்று சொல்லியிருந்தான். கெட்ட எண்ணம் இல்லை. அவனுக்கும் நேரம் எண்ணித்தான் கிடைக்கிறது.

பதினாறாம் கேள்வி: "பாரம் தூக்குறீங்களாப்பா?"

"இல்ல. நான் ரிட்டயர்டு."

எழுதிக்கொண்டான். பதினேழாம் கேள்வி வலியைப் பற்றியது. வலியே இல்லை என்றால் பூஜ்யம். தாங்க முடியாத உச்ச வலி என்றால் பத்து. நீங்கள் எத்தனை?

இதில் என்னைப் போன்றவன் தவறு செய்யாமல் இருக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் பத்து மதிப்பெண் கேள்விக்கு நான் ஆறுக்கு மேல் போட்டதில்லை. எல்லாக் குறிப்பும் எழுதி, வரைபடமும் போட்டவனுக்கு ஆறு. ஆறு வாங்கியவர்கள் அந்தத் தாளை வீட்டில் சட்டம் போட்டு மாட்டியதாக ஒரு பேச்சு உண்டு. நான் பார்த்ததில்லை. வலியையும் முறையாக அளந்துதானே போட வேண்டும் என்று நினைத்தேன். என் சித்தப்பாவைப் பருத்திக் காட்டில் நட்டுவாக்காலி கொட்டியதைப் பார்த்திருக்கிறேன். பத்தை அதற்கு ஒதுக்கினேன். எட்டைச் செண்பகத்தின் பிரசவத்துக்கு வைத்தேன். அவளைத் தூக்கும்போது எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வரும். ஆனால் கத்தியதில்லையே.

"மூணு" என்றேன்.

உள்ளே டாக்டர் பரிசோதித்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுத்தி, வலிக்கிறதா என்று கேட்டார். ஒரு பெண்பிள்ளையிடம் அந்த இடத்தைப் பற்றி என்ன விரிவாகச் சொல்வது? "பரவாயில்லை" என்றேன். பத்துக்கு மூன்று, பாரம் தூக்குவதில்லை, பரவாயில்லை. டாக்டர் என்னைக் காத்திருப்போர் பட்டியலில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தார். முதல் வகுப்புக்கு ஒரு மாதத்துக்குள், இரண்டாம் வகுப்புக்கு மூன்று மாதம், மூன்றாம் வகுப்பென்றால் ஒரு வருடம் வரை ஆகும்.

ஒரு வருடம் என்றால், ஒன்பது வீதம், மூவாயிரத்து இருநூற்று எண்பத்தைந்து தடவை.

6

பட்டியலில் சேர்ந்த ஐந்தாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குக் குளியலறையில் அவளைத் தூக்கினேன். பாதி தூக்கியபோது வலி வந்தது. அவளைக் கீழே போட்டுவிடக் கூடாது என்ற ஒரே நினைப்பில், அவளை அணைத்தபடியே சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தேன். அவள் என் மடியில் உட்கார்ந்தாள். இருவருக்கும் அடியில்லை. இருவராலும் எழுந்திருக்கவும் முடியவில்லை.

"என்னங்க."

"ஒண்ணுமில்ல. ரெண்டு நிமிஷம்."

ஐந்து நிமிடம் போனது. என் நெற்றி வேர்வை அவள் தோளில் விழுந்திருக்க வேண்டும்.

"அந்த டாக்டரம்மாகிட்ட எத்தனன்னு சொன்னீங்க?"

"எதுக்குக் கேக்க?"

"சொல்லுங்க."

"மூணு."

அவள் மடியில் இருந்தபடியே தலையைத் திருப்பினாள்.

"பத்து எதுக்கு வச்சிருக்கீங்க?"

"நட்டுவாக்காலிக்கு."

"நான் பூவநாதனப் பெத்ததுக்கு?"

"எட்டு."

"ரெண்டு நாள் கெடந்து பெத்திருக்கேன். எனக்கு எட்டு, நட்டுவாக்காலிக்குப் பத்தா. இந்தக் கண்ணுக்கு எப்படித்தான் பிள்ளைக பாஸாச்சோ."

சிரிக்க முயன்றேன். சிரித்தாலும் வலித்தது. இருபத்தைந்து நிமிடம் அப்படியே இருந்தோம். பிறகு குளியல் முக்காலியைக் காலால் இழுத்து, அதைப் பிடித்து நான் எழுந்து, அவளை எழுப்பினேன். அந்த ஒரு தடவை தூக்கியதில் காலையில் தின்ற இட்லி முழுதும் வெளியே வந்துவிட்டது.

சாயங்காலம் மகன் வந்ததும் அவள் சொன்னாள்: "ஏலே, என்னைய அந்த டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போ."

"உனக்கு எதுக்கும்மா? அவங்க அப்பாவோட டாக்டர்."

"நான் அவியளப் பாக்கணும்."

அன்று நாங்கள் தனியாக இருந்தபோது, "வேண்டாம் செண்பகம், தெரிஞ்சா உன்னை அங்க அனுப்பிருவான்" என்றேன். அவள் அந்த வண்ணத் தாள் இருந்த பக்கம் பார்த்தாள்.

"அனுப்பட்டும். நீங்க சிக்கிச் செத்துப்போனா மட்டும் என்னைய இங்கனயா வச்சிருப்பான்?"

7

அடுத்த வாரம் மூவரும் போனோம். மகன் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். தான் மொழிபெயர்ப்பதாகச் சொன்னான். டாக்டர் வேண்டாம் என்றார். வீட்டு ஆள் மொழிபெயர்க்கக் கூடாதென்பது அங்கே விதியாம். மேஜைத் தொலைபேசியின் ஒலியைக் கூட்டிவைத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைத்தார். பேசிய பெண்ணின் தமிழ் யாழ்ப்பாணத்துத் தமிழ்.

"வணக்கம் அம்மா. நீங்கள் சொல்லுறதை அப்பிடியே டொக்டருக்குச் சொல்லுவன். ஒண்டும் கூட்ட மாட்டன், குறைக்க மாட்டன். சொல்லுங்கோ."

"நீங்க எந்த ஊரும்மா?"

"அம்மா, என்ர விவரம் இதிலை சொல்லக் கூடாது."

"சரி. பிள்ளைக இருக்கா?"

தொலைபேசியில் குரல் தணிந்தது. "ரெண்டு பேர் அம்மா. இப்ப ஐயாவின்ர நோவைப் பற்றிச் சொல்லுங்கோ."

டாக்டர் பேனாவைப் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருந்தார். செண்பகம் வலது கையால் இடது கையை எடுத்து மடியில் ஒழுங்காக வைத்துக்கொண்டாள்.

"இவிய முப்பத்தி நாலு வருஷம் வாத்தியாரா இருந்தாவ. பத்துக்கு ஆறுக்கு மேல ஒரு பிள்ளைக்கும் போட்டதில்ல. பெத்த மகனுக்கே அஞ்சுதான் போட்டாவ, அவன் மூணு நாள் சாப்பிடல. இவிய மூணுன்னு சொன்னா, நீங்க எட்டுன்னு எழுதிக்கோங்க."

மொழிபெயர்ப்பாளர் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். மகன் மூன்று நாள் சாப்பிடாததையும் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"இன்னொண்ணும் இருக்கு. பாரம் தூக்குததில்லன்னு எழுதிக் குடுத்திருக்காவ. நான் இருக்கேன்லா? நாப்பத்தாறு கிலோ. ஒரு நாளைக்கு ஒம்பது தடவ தூக்குதாவ. கம்பியப் பிடிச்சு எந்திரிக்கேன்னு மகன்கிட்ட நான் சொன்னதெல்லாம் பொய். போன வாரம் ரெண்டு பேரும் குளிக்குத ரூம்ல விழுந்து கெடந்தோம்."

தொலைபேசியில் ஒரு மூச்சு விடும் சத்தம் கேட்டது. பிறகு ஆங்கிலம் வந்தது. ஆக, பூவநாதன் அதை இரண்டு தடவை கேட்டான், தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. இரண்டாவது தடவை அவன் தலை குனிந்தது.

டாக்டர் படிவத்தைத் தள்ளிவைத்துவிட்டு என்னை நேராகக் கேட்டார். இவரைத் தூக்கும்போது எத்தனை?

சொல்லித்தான் ஆக வேண்டும் என்றானது. "ஏழு" என்றேன். சொன்ன பிறகு, நிஜமாகவே ஏழுதான் என்று தெரிந்தது.

மறுபடியும் பரிசோதித்தார். இந்தத் தடவை வலித்த இடத்தில் வலிக்கிறது என்று சொன்னேன். என்னை முதல் வகுப்புக்கு மாற்றி எழுதினார். தொலைபேசியை வைப்பதற்கு முன்பு மொழிபெயர்ப்பாளர், "அம்மா, உடம்பைப் பாருங்கோ" என்றாள். அதை அவள் ஆங்கிலத்தில் சொல்லவில்லை.

காரில் பதினோராவது சிக்னலைத் தாண்டியதும் மகன் கேட்டான்.

"என்கிட்ட ஏன்மா சொல்லல?"

"சொன்னா அந்த மூணு கெழவிககூடக் கேக்கு வெட்ட அனுப்பிருவியே."

பன்னிரண்டாவது சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் வண்டி நகரவில்லை. பின்னாலிருந்து ஒருவர் ஒலி எழுப்பினார்.

மறுநாள் காலை குளிர்பதனப் பெட்டியின் கதவில் பேத்தியின் பள்ளி அட்டவணை ஒட்டியிருந்தது. அந்தத் தாளைக் குப்பையில் தேடிப் பார்த்தேன். அங்கே இல்லை. எங்காவது எடுத்து வைத்திருக்கிறானோ என்னவோ.

8

அதிலிருந்து இருபத்து நான்காம் நாள் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதுவரை மருமகளும், திரும்பவும் வரவழைத்த உதவிப் பெண்ணும் செண்பகத்தைத் தூக்கினார்கள்; மகனை மட்டும் அவள் விடவில்லை. நிக்கோவுக்குச் செய்தது மாதிரியே நன்றாகச் செய்தார். ஒரு காசு கேட்கவில்லை. கடம்பூர் போளிக்கு நான் எங்கே போவேன்? நிக்கோவிடம் எட்டுத் தக்காளி வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். நோயாளிகளிடம் எதுவும் வாங்கக் கூடாதாம். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார்.

மயக்கம் தெளிந்து நான் வீடு வந்த அன்று, அடுத்த அறையில் மகன் அவளை முதல் தடவையாகத் தூக்கினான். நான் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒன், டூ, த்ரீ."

"ஏலே, நிறுத்து. அதுக்கெல்லாம் என் காலு எந்திரிக்காது. ஒண்ணு ரெண்டு சொல்லு."

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

"மூட்டையா தூக்குத? கக்கத்துல கையக் குடு. என் மொகத்தப் பாக்காத, உனக்கும் வெக்கம், எனக்கும் வெக்கம். சுவத்தப் பாரு."

நாற்காலி கிறீச்சிட்டது. இருவரும் மூச்சு வாங்கினார்கள். பிறகு ஏதோ சொல்லி இருவரும் சிரித்தார்கள். என்ன என்று எனக்குக் கேட்கவில்லை.

நாற்பத்திரண்டு நாளில் முந்நூற்று எழுபத்தெட்டுத் தடவை. அதில் மகன் இருநூற்றுப் பதினொன்று, மருமகள் எண்பத்து நான்கு, உதவிப் பெண் எண்பத்து மூன்று. அந்தப் பெண் இப்போது வெந்நீரில் கை நனைத்துவிட்டு வருகிறாள்.

போன வாரம் பூங்காவில் நிக்கோவுக்கு என் தழும்பைக் காட்டினேன். அவர் கண்ணாடி போட்டுப் பார்த்து, தன்னுடையதைவிட நேராக இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். பெஞ்சின் அந்த முனையில் புதிதாக ஒரு சீனக் கிழவர் உட்கார்ந்திருந்தார். அவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் வயிற்றின் வலப்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

இன்று காலை ஏழு மணிக்குச் செண்பகத்தின் கட்டில் பக்கத்தில் போய் நின்றேன்.

"முடியுமா?" என்று கேட்டாள்.

"முடியும்."

"வலிச்சா உள்ளதச் சொல்லிரணும். மூணு கீணுன்னு சொல்லக் கூடாது."

கக்கத்தில் கை கொடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. எழுந்தாள், திரும்பினாள், உட்கார்ந்தாள். வலி பூஜ்யம். பூஜ்யம் என்று எழுத இன்னும் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. அரை என்று வைத்துக்கொள்ளலாம்.

"எப்படி?" என்று கேட்டேன்.

வலது கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஆறு."

வாசலில் பூவநாதன் அலுவலகத்துக்குக் கிளம்பி, பையைத் தோளில் மாட்டியபடி நின்றுகொண்டிருந்தான்.

"எனக்கு எத்தனம்மா?"

"நாலு. பாஸ்தான். விட்டுட்டா மறந்துபோவ. தெனம் காலையில மொதத் தடவ நீயே வந்து தூக்கு."

"சரிம்மா" என்றான்.

ஆக, நாளையிலிருந்து எனக்கு ஒரு நாளைக்கு எட்டு.